ஒலிம்பிக் லிஸ்ட்ல பேரே இல்லாத ஆல்ஃபி ஷ்ரப்: 1904-ல இவரைத் தாண்டி ஓட உலகத்துல ஆள் இருந்தாங்களா?

மாரத்தான்மணி:

தொலைதூர ஓட்டத்துல பின்லாந்து நுர்மி பத்தியும் செக் நாட்டு ஸாடோபெக் பத்தியும் இங்க நிறைய பேசியாச்சு, ஆனா நுர்மிக்கு முன்னாடி யாருன்னு கேட்டா எல்லாரும் நேரா 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ்ல ஜெயிச்ச பின்லாந்து ஹன்னஸ் கோலெமைனென்ல போய் நின்னுடுறோம், அதுக்கு முன்னாடி ஒண்ணுமே நடக்காத மாதிரி. நடந்திருக்கு. ஆல்ஃப்ரெட் ஷ்ரப்னு ஒரு இங்கிலீஷ்காரர், பேப்பர்காரங்க 'லிட்டில் வொண்டர்'னு கூப்பிட்ட ஆளு, ஐஞ்சரை அடி உயரம், ஒல்லியான உடம்பு. இவரோட கரியர எடுத்துப் பாத்தா நம்ம வரிசையையே மாத்தி எழுதணும்னு எனக்குத் தோணுது, அதான் தனி இழை.

1879 டிசம்பர்ல சஸெக்ஸ் பக்கம் ஸ்லின்ஃபோல்டுன்னு ஒரு கிராமத்துல பொறந்தாரு. கட்டட வேலைக்குப் போயிட்டு இருந்த பையன். 1898-ல சவுத்வாட்டர் பக்கம் எங்கயோ தீப்பிடிச்சிடுச்சு, குதிரை பூட்டின தீயணைப்பு வண்டி மணியடிச்சுக்கிட்டுப் போகுது, இவரு வேலை உடுப்போட, கனமான பூட்ஸோட வண்டி பின்னாடியே ஓட ஆரம்பிச்சிட்டாரு. அதே வண்டிய விரட்டிக்கிட்டு ஃபிரெட் ஸ்பென்சர்னு இன்னொருத்தரும் ஓடுறாரு. அவரு பக்கத்து ஊரு ஹார்ஷம்ல இருந்த ப்ளூ ஸ்டார் ஹாரியர்ஸ் கிளப்போட கேப்டன், பழகின ஓட்டக்காரர். அவருக்குச் சமமா ஒரு கொத்தனார் வேலைப் பையன் பூட்ஸ் போட்டுக்கிட்டு வர்றான்னா சும்மா விடுவாரா, கிளப்ல சேர்த்துட்டாரு.

அடுத்த வருஷமே சீரியஸா போட்டிக்கு வந்துட்டாரு. 1901-லேர்ந்து 1904 வரைக்கும் நாலு வருஷமும் இங்கிலாந்து நேஷனல் கிராஸ்கன்ட்ரி (வயலு, மேடு, சேறுன்னு ஓடுற போட்டி) இவருதான். அதே நாலு வருஷமும் ஏஏஏ, அதாவது இங்கிலாந்தோட அமெச்சூர் தடகள சங்கம், நடத்துற சாம்பியன்ஷிப்ல 4 மைலும் 10 மைலும் இவருதான், போதாக்குறைக்கு 1903, 1904-ல ஒரு மைலும். மொத்தம் பத்து ஏஏஏ பட்டம். சர்வதேச கிராஸ்கன்ட்ரின்னு 1903-ல ஸ்காட்லாந்து ஹாமில்டன் பார்க்ல முதல் தடவையா ஒரு போட்டி வச்சாங்க, அதுலயும் ஃபர்ஸ்ட், அடுத்த வருஷம் ஹேடாக் பார்க்லயும் ஃபர்ஸ்ட். ஒரு மைல் ஓடுறவன் பத்து மைல் ஓட மாட்டான், ட்ராக்ல ஓடுறவன் சேத்துல ஓட மாட்டான்னு நாம நினைக்கிறோம், இவரு ஒரே சீசன்ல எல்லாத்தையும் ஜெயிச்சிருக்காரு.

அப்புறம் 1904 நவம்பர் 5, கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் பார்க். ஒரு மணி நேர ஓட்டம். 6 மைல் 29:59.4, 10,000 மீட்டர் 31:02.4, 10 மைல் 50:40.6, ஒரு மணி நேரம் முடியும்போது 11 மைல் 1137 கஜம், அதாவது 18.742 கிலோமீட்டர். ஆறு மைல்லேர்ந்து பதினொரு மைல் வரைக்கும் இருந்த அமெச்சூர் (காசு வாங்காம ஓடுறவங்க) ரெக்கார்ட் அத்தனையும் ஒரே சாயங்காலத்துல போச்சு.

அப்போ வயசு 24. அடுத்த வருஷம் 1905-ல, ஓடுறதுக்குக் காசு வாங்கினாருன்னு சொல்லி அமெச்சூர் போட்டியிலேர்ந்து வெளிய தள்ளிட்டாங்க. 1906 ஏதென்ஸ் இடைக்கால ஒலிம்பிக்ஸ் கிடையாது, 1908 லண்டன் கிடையாது, தன் சொந்த நாட்டுல நடந்த ஒலிம்பிக்ஸ்ல கூட டிராக்ல கால் வைக்க முடியல. நான் கேக்குறது இதுதான், இவரைத் தடை பண்ணது நியாயமா? அது நடக்கலைன்னா நாம இப்ப யாரைப் பத்தி பேசிட்டு இருப்போம்?

சேது_10கே:

அண்ணே அருமை. இந்தப் பேரையே இப்பதான் கேள்விப்படுறேன். ஒரு டவுட், 10,000 மீட்டர் 31:02-ன்னா இப்போ யூனிவர்சிட்டி லெவல் பசங்களே ஓடுறாங்களே, அத வச்சு எப்படி "உலகத்துலயே பெஸ்ட்"னு சொல்றது? உகாண்டாவோட செப்டெகெய் அதே தூரத்த 26:11-ல ஓடிட்டாரு. நூறு வருஷ இடைவெளி இருக்குன்னு தெரியும், இருந்தாலும் அந்தக் காலத்து அளவுல இது எவ்ளோ பெருசுன்னு யாராச்சும் புரிய வைங்க.

பழையகணக்கு:

சேது, இப்ப இருக்கிற ஆளோட ஒப்பிட்டா ஒண்ணும் புரியாது, அப்ப இருந்த ஆளுங்களோட ஒப்பிடு.

ஷ்ரப் 1904-ல லண்டன்ல 5 மைல் ஓடுனது 24:33.4. 1906 ஏதென்ஸ்ல 5 மைல் தங்கம் வாங்குன ஹென்றி ஹாட்ரி ஓடுன டைம் 26:11.8, அவரும் பிரிட்டிஷ்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல 5 மைல் தங்கம் எமில் வோய்ட், அவரும் பிரிட்டிஷ், 25:11.2. சரி ஏதென்ஸ்ல வெயிலு, ஒலிம்பிக் ரேஸ்ல யாரும் ரெக்கார்டுக்கு ஓட மாட்டாங்க, ஜெயிச்சா போதும்னுதான் ஓடுவாங்க, எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா 5 மைல்ல 38 செகண்டுன்னா அரை லேப்புக்கு மேல. வோய்ட் கடைசி வளைவுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஷ்ரப் முடிச்சிருப்பாரு.

இன்னொண்ணு பாரு. 10,000 மீட்டர் ஒலிம்பிக்ஸுக்கு முதல் தடவையா வந்தது 1912-ல. கோலெமைனென் தங்கம் வாங்குன டைம் 31:20.8. எட்டு வருஷம் முன்னாடி ஷ்ரப் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு நடுவுல, 10,000 மீட்டர்ல நிக்காம ஓடிக்கிட்டே போனப்ப கடந்து போன டைம் 31:02.4. அதாவது இன்னும் பாதி மணி நேரம் பாக்கி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே ஓடின ஓட்டம், 18 செகண்ட் வேகம். அந்த ரெக்கார்ட உடைக்க 1911-ல ஃபிரான்ஸ்லேர்ந்து ஜான் புவான் வர வேண்டி இருந்துச்சு, 30:58.8. நாலு செகண்ட் கூட முழுசா இல்ல.

10 மைல் ரெக்கார்ட் இன்னும் மோசம், அதாவது மத்தவங்களுக்கு மோசம். 50:40.6 நின்னது 1928 வரைக்கும். உடைச்சது யாருன்னா பாவோ நுர்மி, பெர்லின்ல 50:15. 24 வருஷம். முதல் உலகப்போர் வந்து போயிடுச்சு, ஷ்ரப் ரிட்டயர் ஆயி கோச்சிங் பண்ணி அதையும் முடிச்சு நாட்ட விட்டே போயிட்டாரு, ரெக்கார்ட் மட்டும் அங்கயே இருந்துச்சு. 2 மைல் 9:09.6-ன்னு 1904-லயே ஓடுனாரு, அதுவும் 1926 வரைக்கும் யாராலயும் அசைக்க முடியல, ஸ்வீடன்காரர் எட்வின் விடேதான் எடுத்தாரு.

வெண்பனி:

ஓட்டத்தப் பத்தி எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. ஆனா "தடை பண்ணது நியாயமா"ன்னு கேட்டீங்கள்ல, அதுல எல்லாரும் ஒரே பக்கம் நின்னுடக் கூடாது, அதனால எழுதுறேன்.

ஏஏஏ எதுக்கு வந்துச்சுன்னு பாருங்க. 1880-ல ஆக்ஸ்ஃபோர்டு ராண்டால்ஃப் ஹோட்டல்ல கூடி ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி இருந்த அமெச்சூர் அமைப்புல கூலி வேலை செய்றவன், கைத்தொழில் செய்றவன் யாரும் அமெச்சூரே கிடையாதுன்னு வச்சிருந்தாங்க, பணக்கார வீட்டுப் பசங்க மட்டும்தான் ஓடணும். ஏஏஏ தான் அந்தக் கதவத் திறந்து விட்டது. அது திறக்கலைன்னா கட்டட வேலை செஞ்ச ஷ்ரப் பத்து பட்டம் என்ன, ஒரு ரேஸ்ல கூட நின்னிருக்க முடியாது. இதையும் கணக்குல எடுத்துக்கணும்.

இன்னொரு பக்கம் புரொஃபஷனல் ஓட்டம் அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சா அவங்க பயமும் புரியும். முழுக்க பெட்டிங். யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சுக்குவாங்க. 1887-ல லண்டன் லில்லி பிரிட்ஜ் மைதானத்துல ஹட்சென்ஸ், ஜென்ட்னு ரெண்டு பேருக்கு ஸ்பிரிண்ட் ரேஸ் வச்சாங்க, ஆயிரக்கணக்குல ஜனம் காசு குடுத்து உள்ள வந்து உக்காந்திருக்கு, பெட் கட்டினவங்களுக்குள்ள ஒத்துப்போகல, ரேஸே நடக்கல, ஜனம் கொதிச்சுப் போய் மைதானத்தையே கொளுத்திடுச்சு. இதப் பாத்த தலைமுறைதான் 1905-ல ஏஏஏ-வுல உக்காந்திருந்தது. காசு உள்ள வந்தா விளையாட்டே செத்துடும்னு அவங்க நெசமாவே நம்புனாங்க, சும்மா ஏழைய மிதிக்கணும்னு பண்ணல.

ஷ்ரப்புக்கும் விதி தெரியும். தெரிஞ்சேதான் வாங்குனாரு.

மாரத்தான்மணி:

@வெண்பனி நல்லா எழுதுனீங்க, லில்லி பிரிட்ஜ் விஷயம் ரொம்ப முக்கியம். ஆனா கதவத் திறந்தது மட்டும் போதுமாங்க? உள்ள வந்தவன் எத வச்சு சாப்பிடுறது?

நாள் முழுக்க ஓட்டமும் பயிற்சியுமா இருந்தா வேலைக்கு எப்பப் போறது. அவரு கூலிக்காரரு, லீவு போட்டா கூலி கட். 1905 ஆரம்பத்துல ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து டூர் போறாரு, அமெரிக்க ஸ்பிரிண்டர் ஆர்தர் டஃபியும் கூட. கப்பல்ல போய்ட்டு வர்றதுக்கே மாசக்கணக்கு ஆகும். அங்க மைதானம் நிரம்புது, டிக்கெட் விக்குது, கூட்டம் பாக்க வர்றது இவரைத்தான். அந்தக் காசு மைதானக்காரனுக்குப் போகலாம், சங்கத்துக்குப் போகலாம், ரயில்வேக்காரனுக்கும் ஹோட்டல்காரனுக்கும் போகலாம், ஓடுனவனுக்கு மட்டும் போகக் கூடாதுன்னா அது என்ன நியாயம்? அப்பா சொத்து இருக்கிறவனுக்கு இந்த விதி ஒரு சுமையே இல்ல, கொத்தனாருக்கு மட்டும்தான் சுமை. எழுத்துல எல்லாருக்கும் ஒரே விதி, வயித்துல ஒரே விதி இல்ல.

இது ஷ்ரப்போட முடிஞ்ச கதையும் இல்ல. அவருக்கு முன்னாடி வால்டர் ஜார்ஜ். 10 மைல் 51:20, ஒரு மணி நேரத்துல 11 மைல் 932 கஜம், இதெல்லாம் 1884-ல ஜார்ஜ் வச்சிருந்த அமெச்சூர் ரெக்கார்ட், அதத்தான் இருபது வருஷம் கழிச்சு ஐப்ராக்ஸ்ல ஷ்ரப் 205 கஜம் தள்ளி வச்சாரு. அந்த ஜார்ஜுக்கு கம்மிங்ஸ்னு ஒரு புரொஃபஷனலோட மோதிப் பாக்கணும்னு ஆசை, அனுமதி கேட்டாரு, குடுக்கல, கடைசியில அவரும் அமெச்சூர் அந்தஸ்த விட்டுட்டுத்தான் ஓட வேண்டி இருந்துச்சு. 1886-ல கம்மிங்ஸ தோக்கடிச்சு மைல் 4:12¾ ஓடுனாரு, நீங்க சொன்ன அதே லில்லி பிரிட்ஜ்ல. அப்புறம் 1913-ல அமெரிக்காவோட ஜிம் தோர்ப்கிட்டேர்ந்து இதே காரணம் சொல்லி ஒலிம்பிக் தங்கத்தப் பிடுங்குனாங்க, அப்புறம் 1932-ல நுர்மியவே லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல ஓட விடல. நல்ல ஓட்டக்காரனா பாத்துப் பாத்து வெளிய தள்ளுன ஒரு விதி, அது விளையாட்டக் காப்பாத்துச்சுன்னு எப்படி ஒத்துக்கறது?

வெண்பனி:

விதி சரின்னு நான் சொல்லலீங்க, அத வச்சவங்க கெட்ட எண்ணத்துல வைக்கலைன்னுதான் சொன்னேன். ரெண்டும் வேற.

இன்னொரு விஷயம். தடை இல்லைன்னா ஒலிம்பிக் தங்கம் குவிச்சிருப்பாருன்னு எல்லாரும் நினைக்கிறீங்க. அவரோட உச்சம் 1904. அந்த வருஷம் அவரு முழு அமெச்சூர், யாரும் தடுக்கல. ஆனா ஒலிம்பிக்ஸ் அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல நடந்துச்சு, பிரிட்டன் பக்கத்துலேர்ந்து தடகளத்துக்குப் போனதே ரெண்டு ஐரிஷ்காரங்கதான், டாம் கைலியும் ஜான் டேலியும். யாரும் அதப் பெரிய விஷயமா எடுத்துக்கல, ஏதோ கண்காட்சிக்குப் பக்கத்துல வச்ச போட்டின்னு விட்டுட்டாங்க. அங்க 5 மைலும் கிடையாது, 10,000-மும் கிடையாது. அந்த நாள்ல ஒரு இங்கிலீஷ் ஓட்டக்காரனுக்கு ஏஏஏ பட்டமும் கிராஸ்கன்ட்ரி பட்டமும்தான் பெருசு. அது அத்தனையும் ஷ்ரப்கிட்ட இருந்துச்சு. ஒலிம்பிக்ஸ் லிஸ்ட வச்சு அவரை அளக்குறது நாம பண்ற தப்பு, அவரு காலத்து அளவுகோல் அது இல்ல.

பழையகணக்கு:

வெண்பனி சொன்ன செயின்ட் லூயிஸ் பாயின்ட் சரி, அந்த மாரத்தான் கதைய படிச்சவங்களுக்குத் தெரியும், ஒருத்தர் கார்ல ஏறி வந்து ஃபர்ஸ்ட்னு நின்னாரு, நெசமா ஜெயிச்ச ஹிக்ஸுக்கு வழியில ஸ்ட்ரிக்னைன்ங்கிற விஷத்த ஊக்கமருந்தா குடுத்து ஓட வச்சாங்க. அங்க போகாததால ஷ்ரப் ஒண்ணும் இழக்கல.

ஆனா 1908 வேற. அப்போ அவருக்கு 28. 5 மைல் தனி ரேஸ் இருந்துச்சு, 3 மைல் டீம் ரேஸ் இருந்துச்சு. டீம் ரேஸ்ல பிரிட்டன் எப்படியும் தங்கம் வாங்கிடுச்சு, முதல்ல வந்த ஜோ டீக்கின் டைம் 14:39.6. ஷ்ரப் 1903-லயே 3 மைல் 14:17.6. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

பனிக்காடு_கனடா:

வணக்கம். நான் ஒண்டாரியோவில இருக்கிறன், இந்த இழையைப் பாத்திட்டு எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு. ஷ்ரப் கடைசியா வந்து இருந்த இடம் எங்களுக்குக் கிட்டத்தான். டொராண்டோவில இருந்து 401 நெடுஞ்சாலையில கிழக்க போனா போமன்வில் எண்டு ஒரு ஊர் வரும், 1928-ல குடிபெயர்ந்து வந்து அங்கயே இருந்து 1964-ல காலமானவர். அவற்ற பேரில அந்த ஊரில 8 கிலோமீட்டர் ரோட் ரேஸ் ஒண்டும் நடத்தினவை.

ஆனா கனடாவில ஷ்ரப் எண்ட உடன முதல் ஞாபகம் வாறது டாம் லாங்போட். நீங்கள் ஒருத்தரும் இன்னும் அவரைப் பற்றிக் கதைக்கேல்ல. லாங்போட் ஓட்டக்காரர், ஒனொன்டாகா எண்ட பூர்வகுடி இனத்தவர், பிரான்ட்ஃபோர்ட் பக்கத்தில பூர்வகுடிகளுக்கு ஒதுக்கின ஆறு நாடுகள் ரிசர்வில பிறந்தவர். 1907 பாஸ்டன் மாரத்தானை 2:24:24-ல வெண்டவர், அப்ப அந்தக் கோர்ஸ் 25 மைலுக்கும் குறைவு. அவரை அந்தக் காலத்துப் பேப்பருகள் எழுதின விதத்தை வாசிச்சா மனம் கொதிக்கும். சோம்பேறி, பயிற்சி செய்யமாட்டான் எண்டு எழுதுவினம். பலமா ஓடின நாளுக்கு அடுத்த நாள் நடந்துபோய் உடம்பை ஆற விடுறது அவற்ற பழக்கம், இண்டைக்கு எந்தக் கோச்சைக் கேட்டாலும் அதுதான் சரி எண்டுவார். அவற்ற நிறத்தைப் பாத்துத்தான் சோம்பல் எண்டு எழுதினவை.

ஷ்ரப்பும் லாங்போட்டும் பத்துத் தரம் மோதினவை. 20 மைலுக்குக் குறைஞ்ச ஓட்டம் எல்லாத்திலயும் ஷ்ரப் வெண்டார், 20 மைலும் அதுக்கு மேலயும் எண்டா எல்லாத்திலயும் லாங்போட். ஒண்டு கூட மாறேல்ல. ரெண்டு பேரும் உலகத்தில முதல் ஆக்கள், ஆனா ஒவ்வொருத்தருக்கும் ஒரு எல்லை இருந்தது, அந்த எல்லைக்கு அங்கால மற்றவர்தான் ராசா.

சேது_10கே:

அடேங்கப்பா, பத்துல பத்தும் அப்படியே பிரிஞ்சுதா? இத பத்தி இன்னும் சொல்லுங்க. புரொஃபஷனல் ஆனதுக்கு அப்புறம் என்னதான் பண்ணாரு, இந்த மாரத்தான் எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு? அவரு 10 மைல் ஆளுதானே.

மாரத்தான்மணி:

சேது, 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தான்ல இத்தாலிக்காரர் டோரான்டோ பியெத்ரி ஸ்டேடியத்துக்குள்ள வந்து தள்ளாடி விழுந்து விழுந்து எழுந்து, அதிகாரிங்க கைத்தாங்கலா கோட்டத் தாண்ட வச்சு, அதனாலயே தகுதிநீக்கம் ஆகி, அமெரிக்காவோட ஜானி ஹேய்ஸுக்குத் தங்கம் போச்சே, அந்த ரேஸ்தான் எல்லாத்துக்கும் ஆரம்பம். அத பேப்பர்ல படிச்ச அமெரிக்காவுக்கு மாரத்தான் பைத்தியம் பிடிச்சிடுச்சு. நவம்பர்லயே பியெத்ரியையும் ஹேய்ஸையும் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல உள்ளரங்கத்துல மோத விட்டாங்க, பியெத்ரி ஜெயிச்சாரு. டிசம்பர்ல லாங்போட் பியெத்ரிய ஜெயிச்சாரு. இப்ப லாங்போட்டுக்கு எதிரா நிக்க ஒரு பெரிய பேரு வேணும், அதான் ஷ்ரப்.

1909 பிப்ரவரி 5, அதே மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஒரு மைலுக்குப் பத்து லேப், முழு மாரத்தானுக்கு 262 லேப்புக்கு மேல. ஷ்ரப் அவரு வழக்கப்படி ஆரம்பத்துலயே பிச்சுக்கிட்டுப் போயிட்டாரு, லேப் மேல லேப்பா லாங்போட்ட முந்தி, பாதி மைலுக்கும் மேல லீட் எடுத்துட்டாரு. லாங்போட் அசையவே இல்ல, தன் வேகத்துலயே வந்துக்கிட்டு இருந்தாரு. இருபது மைலத் தாண்டினதும் ஷ்ரப் தளர ஆரம்பிச்சாரு, நடக்குறாரு, ஓடுறாரு, திரும்ப நடக்குறாரு, லீட் உப்பு மாதிரி கரையுது. கடைசி ரெண்டு மைல் சொச்சத்துல முடியாம வெளிய வந்துட்டாரு, லாங்போட் மட்டும் ஓடி முடிச்சாரு.

எனக்கு இந்தத் தோல்வியப் பாத்தா ஷ்ரப் மேல மரியாதை கூடத்தான் செய்யுது. ஒரு மணி நேர ஓட்டத்துல ராஜாவா இருந்த ஆளு, தனக்குப் பழக்கமே இல்லாத தூரத்துல, தன் பாணிய மாத்தாம போய் நின்னாரு. இன்னிக்கு ஒரு 10,000 மீட்டர் ஓட்டக்காரர் மாரத்தானுக்கு மாறணும்னா ஒரு வருஷம் தயாராவாரு, ஜெல்லு, டிரிங்ஸ், லாங் ரன்னுன்னு ஒரு படையே கூட இருக்கும்.

பழையகணக்கு:

அந்த 20 மைல் எல்லை தற்செயல் இல்ல, உடம்பு கணக்கு. தசையிலயும் ஈரல்லயும் சேத்து வச்ச கிளைகோஜன், வேகமா ஓடுனா ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பக்கம் தீந்துடும், அப்புறம் கொழுப்ப எரிச்சுத்தான் ஓடணும், வேகம் விழுந்துடும். 20 மைல்னா 32 கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி முடியுற ரேஸ்ல யாரு எஞ்சின் பெருசோ அவன் ஜெயிப்பான், அது ஷ்ரப். அதுக்கு மேல போனா யாரு சிக்கனமா எரிச்சானோ அவன் ஜெயிப்பான், அது லாங்போட். ஷ்ரப் நடுநடுவுல வேகத்தக் கூட்டிக் கூட்டி எதிராளிய உடைக்கிற ஆளு, 10 மைல்ல அது ஆயுதம், மாரத்தான்ல அதே அவரைக் காலி பண்ணிடுச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு ஏப்ரல் 3, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்துல ஆறு பேரு மாரத்தான் டெர்பி. பியெத்ரி, ஹேய்ஸ், லாங்போட், ஷ்ரப், மலோனி, கூட யாரும் கண்டுக்காத ஒரு குட்டையான ஃபிரெஞ்சுக்காரர் ஹென்றி சென்ட் ஈவ்ஸ். மொத்தப் பரிசு 10,000 டாலர். சென்ட் ஈவ்ஸ் 2:40:50-ல ஜெயிச்சாரு, பியெத்ரி ரெண்டாவது, ஹேய்ஸ் மூணாவது. ஷ்ரப்பும் முடிக்கல, லாங்போட்டும் முடிக்கல. ரெண்டு பெரிய தலையும் ஒரே நாள்ல.

வெண்பனி:

இதப் படிக்கும்போது எனக்கு ஒண்ணு தோணுது. மணி, நீங்க தடையால அவரு கரியர் அழிஞ்சு போச்சுங்கிற மாதிரி ஆரம்பிச்சீங்க. ஆனா அவரு கரியர் 1899-லேர்ந்து 1912 வரைக்கும் போயிருக்கு. ஏறத்தாழ 1,800 ரேஸ், அதுல ஆயிரத்துக்கும் மேல வெற்றி. அமெச்சூரா இருந்த காலத்த விட புரொஃபஷனலா இருந்த காலம் நீளம். ஒரே ஆளா நின்னு ரிலே டீமோட ஓடியிருக்காரு, எதிர்ல ஆள் மாறி மாறி புதுசா வருவாங்க, இவரு ஒருத்தரேதான் முழு தூரமும். குதிரையோட கூட ஓடியிருக்காரு. ஹார்வர்டு கிராஸ்கன்ட்ரி டீமுக்கு கோச்சா இருந்தாரு. பயிற்சி பத்தி புத்தகம் எழுதுனாரு. கட்டட வேலைக்கே திரும்பிப் போயிருந்தா இதுல எது நடந்திருக்கும்?

ஏஏஏ விதிக்கு அடங்கி 1908 வரைக்கும் காத்துட்டு இருந்திருந்தா ஒரு தங்கமோ ரெண்டு தங்கமோ கிடைச்சிருக்கும், அத வச்சு சோறு கிடைக்காது. தடை அவருக்குக் கெடுதல் பண்ண நினைச்சுது, ஆனா அவரு அதுலேர்ந்து ஒரு வாழ்க்கையக் கட்டிக்கிட்டாரு. நான் அவரைப் பாவம்னு பாக்கல.

மாரத்தான்மணி:

பாவம்னு நானும் பாக்கல. ஆனா அந்த ரிலே ரேஸும் குதிரை ரேஸும் எனக்குக் கஷ்டமா இருக்குங்க. உலகத்துலயே வேகமா ஓடுற மனுஷனுக்கு எதிரா ஒழுங்கா ஒரு போட்டியாள நிறுத்த முடியல, ஏன்னா அவனுக்குச் சமமானவங்க எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம், அமெச்சூரா. அவங்க இவரோட ஒரு தடவ ஓடுனாக் கூட அவங்க அந்தஸ்தும் போயிடும். 25-லேர்ந்து 30 வயசு, ஒரு தூர ஓட்டக்காரனோட உச்சகாலமே அதுதான். அந்த அஞ்சு வருஷம் வோய்ட்டோட, கொஞ்சம் தள்ளி புவானோட ஓட விட்டிருந்தா 10,000 மீட்டர் ரெக்கார்ட் எங்க போயிருக்கும்? புரொஃபஷனலா அவரு எவ்ளோ வேகமா ஓடுனாலும் அது அதிகாரப்பூர்வ ஏட்டுல ஏறாது. அதனாலதான் இன்னிக்கு நாம பேசுற நம்பர் எல்லாமே 1903, 1904-லயே நின்னுடுது. அவரு நிக்கல, ஏடுதான் நின்னுடுச்சு.

ஆக்ஸ்ஃபோர்டு யூனிவர்சிட்டி அவரை 1920-கள்ல கோச்சா வச்சுக்கிச்சே, அதயும் பாருங்க. ஏஏஏ பொறந்த ஊரு. ஓடக் கூடாதுன்னு தள்ளுன ஆளுகிட்ட, எப்படி ஓடணும்னு பணக்கார வீட்டுப் பசங்க கத்துக்கிட்டாங்க.

சேது_10கே:

இப்ப புரியுது. இன்னொரு கேள்வி, ஐப்ராக்ஸ் நம்பர போட்டுப் பாத்தேன், 10 மைல் 50:40-ன்னா மைலுக்கு அஞ்சு நிமிஷம் நாலு செகண்ட். அதே வேகத்துல போயிருந்தா ஒரு மணி நேரத்துல 19 கிலோமீட்டர் தாண்டியிருக்கணுமே, ஏன் 18.742?

பழையகணக்கு:

சூப்பரான கேள்வி, இதத்தான் யாரும் கவனிக்கிறதில்ல. ஆறு மைல் 29:59.4, அதாவது மைலுக்கு சரியா அஞ்சு நிமிஷம். பத்து மைல் வரைக்கும் கொஞ்சம்தான் இறங்குது. ஆனா பத்து மைலுக்கு அப்புறம் பாக்கி இருந்தது ஒன்பது நிமிஷம் இருபது செகண்ட் சொச்சம், அதுல ஓடுனது ஒரு மைல் 1137 கஜம், 2.65 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 3:31. அது வரைக்கும் 3:09-ல போய்க்கிட்டு இருந்தவரு. வேகம் திடீர்னு விழுந்திருக்கு. 10 மைலுக்கே முழு பலத்தையும் போட்டு, அதுக்கப்புறம் மணி அடிக்கிற வரைக்கும் தாங்கிக்கிட்டு ஓடியிருக்காருன்னுதான் எனக்குப் படுது.

1913-ல புவான் ஒரு மணி நேரத்துல 19,021 மீட்டர் ஓடி இந்த ரெக்கார்ட எடுத்தாரு, 19 கிலோமீட்டர் தாண்டின முதல் ஆளு. ஆனா 10 மைல்ல ஷ்ரப்போட 50:40.6-அ அவரால தொட முடியல, அதான் அது நுர்மி வரைக்கும் நின்னுச்சு. அடுத்த வருஷமே போர்ல புவான் செத்துட்டாரு. இப்போ அந்த ஒரு மணி நேர ரெக்கார்ட் மோ ஃபாராகிட்ட இருக்கு, 2020 பிரஸ்ஸல்ஸ், 21,330 மீட்டர்.

பனிக்காடு_கனடா:

ஷ்ரப் கடைசியா விலகினது 1912-ல, வில்லியம் கோலெமைனெனிட்ட தோத்த பிறகு. ஹன்னஸின்ர அண்ணன், புரொஃபஷனலா ஓடினவர், அதே வருஷம் மாரத்தானை 2:29:39-ல முடிச்ச ஆள். தம்பி ஸ்டாக்ஹோமில தங்கம் எடுத்த அதே வருஷம் அண்ணனிட்ட ஷ்ரப் தோக்கிறார். தம்பியின்ர பேர் எல்லாருக்கும் தெரியும், அண்ணனின்ர பேர் ஆருக்கும் தெரியாது. அதுவும் இதே வேலிதான்.

லாங்போட் முதல் உலகப்போரில பிரான்ஸில செய்தி கொண்டு ஓடுற சிப்பாயா இருந்தவர், செத்திட்டார் எண்டு பிழையா அறிவிச்சும் போட்டினம். திரும்பி வந்து டொராண்டோ நகரசபையில தெரு துப்புரவுப் பகுதியில வேலை செய்து 1949-ல காலமானவர். ஷ்ரப்புக்கு ஆக்ஸ்ஃபோர்டு கதவு திறந்தது, லாங்போட்டுக்கு அப்பிடி ஒண்டும் திறக்கேல்ல. தடை பற்றிக் கதைக்கேக்க இதையும் சேர்த்துக் கதைக்க வேணும் எண்டுதான் எழுதினன்.

வெண்பனி:

பனிக்காடு, நீங்க சொன்ன கடைசி விஷயம் ரொம்ப சரி. வேலி ஒண்ணு இல்ல, நிறைய இருந்துச்சு, ஒருத்தர் தாண்டின இடத்துல இன்னொருத்தரால தாண்ட முடியல. லாங்போட்டுக்குத் தனி இழை போடுங்க, நீங்கதான் எழுதணும். பேப்பர்ல எழுதினது, பயிற்சி முறை, மேனேஜர்கள் அவரோட கான்ட்ராக்ட வித்துக் கைமாத்தினது எல்லாம்.

பனிக்காடு_கனடா:

எழுதிறன். இந்தக் கிழமை முடிவில போடுறன். பாஸ்டன் 1907-ல இருந்து தொடங்கிறன், பழையகணக்கு வந்து டைம் எல்லாத்தையும் சரி பாத்துத் தரவேணும்.

பழையகணக்கு:

கண்டிப்பா. அந்தப் பழைய பாஸ்டன் கோர்ஸ் தூரத்தையும் சேத்து எடுத்து வைக்கிறேன்.